புல்வெளியில் ஒரு பள்ளிவாசல்



மாலை வேளையில் காட்டாங்குளத்தூர் இரயில் நிலையத்தில் நின்றால் பல ஊர்ப் பேச்சும் செவியில் விழும். படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் சொந்த ஊரை விட்டு வந்து இப்பகுதியில் குடியமர்ந்தோர் பலர். நம் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. வாடகை, பள்ளிக்கட்டணம், அலுவலகம் என்று நாள்கள் ஓடுகின்றன. பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது யார் என்னும் கேள்வி மட்டும் அடுத்த மாதத்திற்கு, அடுத்த ஆண்டிற்கு என்று தள்ளிப் போகிறது. இதே கேள்வி ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றூரின் வாசலிலும் நின்றது.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், இரயில் பாதையோரத்தில் ராஸ் என்னும் ஊர் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் வானமுமாய் விரிந்த சமவெளி. குளிர்காலத்தில் நீர் உறையும் நிலைக்கும் வெகு கீழே வெப்பம் இறங்கிவிடும். உஸ்மானியப் பேரரசின் ஆட்சியிலிருந்த சிரியாப் பகுதியிலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முஸ்லிம்கள் சிலர் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களை ஈர்த்தது நிலம். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டுகள் அங்கேயே வசித்துப் பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் வரை சொந்தமாயிற்று.

புல்தரையை உழுது கழனியாக்கினர். தொழுவதற்குத் தனியிடம் இல்லாத காலத்தில் வீடுகளிலேயே கூடித் தொழுதனர். பின்னர் 1929ஆம் ஆண்டில், பாதி தரைக்குள் அமைந்த எளிய கட்டடம் ஒன்றை எழுப்பினர். அமெரிக்க மண்ணில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் அதுவும் ஒன்று. அருகிலேயே அடக்கஸ்தலமும் அமைந்தது.

ஆனால், காலம் கடுமையாயிற்று. 1930களில் பொருளாதார மந்தமும் வறட்சியும் ஒருசேரத் தாக்கின. இளைஞர் வேறு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். அண்டை வீட்டாரோடு மணவுறவு கலந்தது. பிள்ளைகளின் நாவிலிருந்து அரபு மொழி நழுவியது. தொழுவோர் குறையக் குறையப் பள்ளிவாசல் பாழடைந்து, 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. அக்குடியேறிகளின் வழிவந்தோரும் நண்பர்களும் முயன்று, 2005ஆம் ஆண்டில் அதே இடத்தில் சின்னஞ்சிறு பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினர். குவிமாடம் எழுந்தது; அன்றாடம் ஐவேளையும் வந்து நிற்க, முன்பிருந்த ஜமாஅத் திரும்பவில்லை.

அம்மக்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பனியோடும் பசியோடும் போராடியவர்கள் அவர்கள். நிலத்திற்குப் பட்டா கொடுக்கச் சட்டம் இருந்தது. ஐந்தாண்டில் அது கைக்கு வந்தது. மார்க்கத்திற்கு அப்படிப் பட்டா எழுதித் தருவார் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைக்குத் தானே கொடுத்தாக வேண்டும்.

நமக்கோ பனியுமில்லை, தனிமையுமில்லை. மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி வைத்தால் போதும். அடுக்கு வீட்டில் நான்கு குடும்பங்கள் சேர்ந்தால், ஒரு கூடமே மக்தபாகிவிடும். ராஸ் மக்களும் வீட்டில்தானே தொடங்கினார்கள்!

கட்டடத்தை இடித்தபின்னும் மீண்டும் கட்டலாம். அறுந்த தலைமுறையை எக்கொத்தனார் கட்டுவார்? வல்ல இறைவன் நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக்கி வைப்பானாக!