பச்சைக் கண்ணாடியும் வெள்ளி ஜோடும்

குழந்தைகளுக்கென்று எழுதப்பட்ட கதையில் ஒரு வர்ணம் கண்ணில் பட்ட மாத்திரத்தில், அதற்குள் ஏதோ ரகசியார்த்தம் புதைந்திருக்கத்தான் வேண்டுமென்று தீர்மானித்து, அதைத் தோண்டி எடுத்த பிறகே நிம்மதியடையும் பண்டிதர்களின் சிரத்தையை நான் பரிகசிக்க விரும்பவில்லை. ஆனால் அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் 1900-இல் வெளியிட்ட ‘ஓஸ் நாட்டு அற்புத மந்திரவாதி’யின் விஷயத்தில், அந்தச் சிரத்தையே கதையின் வர்ணங்களைப் பார்க்கவொட்டாமல் செய்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பிரசித்தமான வியாக்கியானம் இது: கதாநாயகியான சிறுமி டாரதி நடந்து செல்லும் மஞ்சள் செங்கல் சாலை தங்க நாணய முறை; அவள் அணிந்த வெள்ளி ஜோடுகள், கடனில் மூழ்கிய குடியானவர்கள் பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற விகிதத்தில் வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்கும்படி எழுப்பிய கோரிக்கை. அக்கோரிக்கையை முன்வைத்து வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 1896 ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றது சரித்திரமாகையால், 1964-இல் ஹென்றி லிட்டில்ஃபீல்டு என்ற பள்ளி ஆசிரியர் இதை எழுதியபோது பலரும் தலையசைத்தார்கள். மாணவர்களுக்குச் சரித்திரம் புகட்ட நல்ல யுக்திதான். பாமின் மனத்தில் இந்த அரசியல் இருந்ததென்பதற்கு ஆதாரமில்லையென்று பிற்காலத்தில் லிட்டில்ஃபீல்டே ஒப்புக்கொண்டுவிட்டார். போதாததற்கு, 1939-இல் கதை சினிமாவானபோது டெக்னிகலரில் எடுப்பாகத் தெரிவதற்காக வெள்ளி ஜோடுகள் மாணிக்கச் சிவப்பாயின. எந்தக் குழந்தையும் அர்த்தம் கெட்டுப்போயிற்றென்று அழுததாகத் தெரியவில்லை.

கதையில் முதலில் வருவது தங்கமுமல்ல, வெள்ளியுமல்ல, சாம்பல் நிறம். டாரதி வளரும் கான்ஸாஸ் சமவெளியில் உழுத மண்ணும் புல்லும் வெயிலில் வெந்து சாம்பலாகின்றன. வீட்டுக்கு ஒரு காலத்தில் அடித்த வர்ணம் வெயிலில் பொருக்கு வெடித்து மழையில் கரைந்து போகிறது. ‘எம்’ என்ற பெயருடைய அவள் அத்தையின் கன்னத்திலும் உதட்டிலுமிருந்த சிவப்பைக்கூடக் காற்றும் சூரியனும் கவர்ந்துகொள்கின்றன. வறட்சி பீடித்த டகோட்டாவில், அபர்டீன் என்ற ஊரில் கடை வைத்தும் பத்திரிகை நடத்தியும் நஷ்டப்பட்டவர் பாம். அந்தச் சாம்பலுக்கு அகராதி எதற்கு? பின்னர் அவர் சிகாகோவுக்குப் பெயர்ந்து, கடைகளின் கண்ணாடி முகப்பை அலங்கரிக்கும் கலைக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். எந்த வர்ணத்தை எங்கே வைத்தால் தெருவில் போகிறவன் நிற்பான் என்பது அவருக்குத் தொழில். ஓஸ் நாட்டில் மஞ்ச்கின்கள் என்ற ஜனங்கள் வாழும் கிழக்கு நீலம், மேற்கு மஞ்சள், தெற்கு சிவப்பு என்று அவர் பிரித்து வைத்ததற்கேற்ப, ஓவியர் டென்ஸ்லோவும் பக்கத்துச் சித்திரங்களின் மையை நாட்டுக்கு நாடு மாற்றிக்கொண்டே போனார்.

இத்தனைக்கும் சிகரம், மந்திரவாதி ஆளுகிற மரகத நகரம். வாயிற்காவலன் ஒவ்வொருவருக்கும், டோட்டோ என்ற டாரதியின் கறுப்பு நாய்க்குட்டிக்குங்கூட, பச்சைக் கண்ணாடி மாட்டிச் சாவியால் பூட்டிவிடுகிறான். உள்ளே விற்கிற சோளப்பொரி பச்சை, எலுமிச்சைப் பானம் பச்சை, அதற்குக் கொடுக்கிற காசும் பச்சை. அரண்மனையில் டாரதி உடுத்திய பச்சைப் பட்டு, நகரத்தைவிட்டு வெளியேறிய பிறகு பார்த்தால் தூய வெள்ளையாக இருக்கிறது. மற்ற ஊர்களைவிட இந்த ஊரில் பச்சை அதிகமில்லையென்றும், நெடுங்காலம் கண்ணாடி போட்டே ஜனங்கள் நம்பிவிட்டார்களென்றும் மந்திரவாதியே பின்னால் சொல்லிவிடுகிறான். ஆளுகிறவன் பிரஜைகளின் கண்ணைப் பூட்டிச் சாவியைச் சேவகனிடம் கொடுத்திருக்கிறான் என்பதைவிடக் கூர்மையான அரசியல் எந்த நாணயச் சண்டையில் இருக்கிறது? எட்டு வயதுக் குழந்தைக்கு இது உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்.

ஆகவே இக்கதையைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்க எண்ணுகிற பெற்றோர், டென்ஸ்லோவின் வர்ணச் சித்திரங்களோடு கூடிய பதிப்பையே தேடி வாங்க வேண்டும். பாடம் நடத்துகிற ஆசிரியர்கள், மஞ்சள் எதைக் குறிக்கிறதென்ற கேள்வியைத் தயவுசெய்து பரீட்சைத் தாளில் சேர்க்காமலிருக்க வேண்டும்.