திருட்டு மென்பொருளில் ஹலால் தொழிலா?

எங்கள் தீவுப்பகுதியில் ஒரு கலியாணம் நடந்தால், அதைப் பார்க்க வேண்டிய எல்லோரும் பந்தலில் இருப்பதில்லை. லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். நம் சமுதாயத்தில், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலேயே ஊன்றிவிட்ட சொந்தங்களும் பலர். அவர்களுக்குக் கலியாணம் என்பது வீடியோவில் வருவதுதான். தமிழ்ச் சகோதரர்களின் பூப்புனித நீராட்டு விழாவும் கோயில் திருவிழாவும் அப்படியே கடல் கடந்து போகின்றன. ஆகவே வேலணையில் இருந்துகொண்டு வீடியோ எடிட்டிங் பழக விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். கடைக்குப் பின்னால் ஒரு அறையும் ஒரு நல்ல கம்பியூட்டரும் போதும்.

என் மனத்தாங்கல் வேறு. தொழில் தொடங்கும் அன்றே பலர் 'கிராக்' செய்த அடோபி பிரீமியரைப் போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால், "எல்லாரும் செய்யிறதுதானே நானா" என்கிறார்கள். தராசில் பத்து கிராம் குறைந்தால் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லும் நாம், இதை மட்டும் எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம்? 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, வியாபாரப் பெயர், நூலாக்க உரிமை, கண்டுபிடிப்பு உரிமை யாவும் உரியவரின் சொத்து, அவற்றில் கை வைப்பது ஆகாது என்று தீர்மானித்தது. நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் மென்பொருளைப் பாதுகாக்கிறது.

விலை கட்டாது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அடோபி கம்பெனி 2013இல் மாதச் சந்தா முறைக்கு மாறியது. 2022இல் நமது ரூபாய் விழுந்த விழுக்காட்டுக்குப் பின் டொலரில் மாதாமாதம் கட்டுவது சிறு ஸ்டூடியோவுக்குப் பாரம்தான். ஆனால் வேறு வழியே இல்லையா?

டாவின்சி ரிசோல்வ் என்றொரு மென்பொருள் உண்டு. ஹொலிவூட்டில் படங்களுக்கு நிறம் திருத்துவது இதில்தான் அதிகம். அவுஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் கம்பெனி 2009இல் இதை வாங்கி, பிறகு இலவசப் பதிப்பையும் வெளியிட்டது. அல்ட்ரா எச்.டி. அளவு வரை படம் வெளியெடுக்கலாம். கலியாண வேலைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பயிற்சி நூல்களையும் கம்பெனியே இலவசமாகத் தருகிறது. ஆங்கிலத்தில் இருப்பதால், இங்கிலீஷ் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்திப் படிக்கலாம். கம்பியூட்டர் கொஞ்சம் வலுவானதாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை. பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் ஷொட்கட், கேடென்லைவ் ஆகிய இலவச மென்பொருட்களில் தொடங்கலாம்.

இன்னொன்று, தையல் மெஷின் வாங்கியவர் எல்லாம் தையற்காரர் ஆகிவிடுவதில்லை. சில வகுப்புகளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். எங்கே வெட்டுவது என்பதே படிப்பு. நிக்காஹ் குத்பாவின் குரலை முதலில் ஒரு விநாடி கேட்கவிட்டு, பிறகு ஆலிமின் முகத்தைக் காட்டினால் காட்சி உறுத்தாமல் மாறும். இதை 'ஜே கட்' என்பார்கள். ஆலிமின் குரல் ஓடிக்கொண்டிருக்கையில் பெண்ணின் வாப்பாவுடைய முகத்துக்குப் போனால் அது 'எல் கட்'. பறக்கும் எழுத்தும் சுழலும் பூவும் போடுவதைவிட, அந்த வாப்பாவின் கண்ணை மூன்று விநாடி காட்டுகிறவனுக்குத்தான் அடுத்த வேலை தேடி வரும். சத்தத்திலும் கவனம் வேண்டும். மங்கலான படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காத குத்பாவைப் பொறுக்க மாட்டார்கள்.

பின்னணிக்குச் சினிமாப் பாட்டைப் போடுவதும் மேலே சொன்ன உரிமை விவகாரத்தில் அடங்கியதே. யூடியூபில் ஏற்றினால் அது கண்டுபிடித்துத் தடுக்கவும் கூடும். ரொறன்ரோவில் இருக்கும் மாமி ஆசையோடு திறந்தால் வீடியோ ஓடாது. பாட்டுத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம் முற்பணம் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பில்லிலும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.