கையெழுத்து ஒன்று, கைக்கு வருவது ஒன்று

"வாங்குற சம்பளத்துக்கு இவங்களுக்குப் போராட்டம் வேறயா?"

இந்த வாரம் முழுக்க என்னைக் குடைந்துகொண்டிருந்த வாக்கியம் இது. ஆசிரியர்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் இதுவும் கூடவே வந்துவிடுகிறது. தேநீர்க்கடை பெஞ்சில், கல்யாணப் பந்தியில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு எழுத்துகூட மாறாமல் கேட்கலாம். சென்னையில் மறியல், கைது, மண்டபத்தில் அடைப்பு, சாயங்காலம் விடுதலை என்று தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடுவதைப் பார்த்ததும் அடுத்த நொடி அதைச் சொல்லிவிடுகிறார்கள். என்ன கேட்டுப் போராடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அவர்கள் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். படிப்பு ஒன்று, பாடப்புத்தகம் ஒன்று, பள்ளிக்கூடமும் பல ஊர்களில் ஒன்றேதான். அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் மேல்தான் கணக்கிடப்படுகிறது என்பதால் அந்த 3,170 ரூபாய் வித்தியாசம் அன்றோடு நிற்கவில்லை, வருஷா வருஷம் வளர்ந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அவர்கள் நுங்கம்பாக்கத்துக் கல்வி வளாகத்தில் பட்டினி கிடந்ததையும், குழு அமைத்து ஆராய்வோம் என்று பதில் வந்ததையும் இந்தப் பத்தியில் முன்பே எழுதியிருக்கிறேன். பேராசை என்று யாராவது இதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். இந்த வாரமும் வந்தது.

ஆனால் அந்த வாக்கியத்தை இந்த முறை என்னிடம் சொன்னது யார் என்பதுதான் விஷயம். சொன்னவள் என் சித்தி மகள். அவளும் ஆசிரியை. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள்.

"நீங்க அவங்களுக்குத்தான் எழுதுவீங்கண்ணே. என் கிளாஸ்ல ரெண்டு கவர்மென்ட் டீச்சர் பிள்ளைக படிக்குது. அவங்க சம்பளம் கூடக் கேட்டுப் போராடப் போயிருக்காங்க. நான் அவங்க பிள்ளைகளுக்கு டெஸ்ட் பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன். பத்தாயிரம் ரூபாய்க்கு."

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து அரசு ஆசிரியர்களை விட்டுவிட்டு இவளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த வாரப் பத்தி மறியலைப் பற்றியது அல்ல.

நம் பொதுப்புத்தி ஆசிரியர் சம்பளத்தை எதோடு வைத்து அளக்கிறது? தாசில்தார் சம்பளத்தோடு அல்ல, வங்கி ஊழியர் சம்பளத்தோடும் அல்ல. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் தனியார் பள்ளி டீச்சரின் சம்பளத்தோடு. "அந்தப் பிள்ளையும் பி.எட்.தான் படிச்சிருக்கு, எட்டாயிரத்துக்கு வேலை பார்க்கலையா?" என்கிறார்கள். எட்டாயிரம் எப்படி எட்டாயிரம் ஆயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. அதையே நியாயமான விலையாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வாங்குபவரெல்லாம் அதிகம் வாங்குகிறார் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அரசும் இந்த அளவுகோலை நன்றாக அறியும். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியது. "சபாஷ்" என்றவர்கள் எத்தனை பேர் என்று அந்த நாட்களில் பேருந்தில் போனவர்களுக்கு நினைவிருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று அந்த ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. அதே காலத்தில்தான் தொகுப்பூதிய ஆசிரியர்கள் வந்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500 ரூபாய். 2006 ஜூனில்தான் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள்.

2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோது, தற்காலிக ஆசிரியர்களை 7,500 ரூபாய்க்கு எடுப்போம் என்றது அரசு. பிறகு அதைப் பத்தாயிரமாக உயர்த்தியது. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வகுப்பறையைப் பூட்டலாமா என்ற கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன். டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைகள்தான் அந்த ஒன்பது நாளும் அதிகம் இழந்தார்கள். அன்று எனக்கு மறக்காமல் நின்றது வேறொன்று. அந்தப் பத்தாயிரத்துக்கு விண்ணப்பத்தோடு கல்வி அலுவலகங்களில் கூட்டம் கூடியது. சங்கத்துக்காரர்கள் அவர்களைக் கருங்காலிகள் என்றார்கள். என் சித்தி மகளும் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள் என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது அவள் வாங்கிக்கொண்டிருந்தது ஏழாயிரம்.

காரூர் நீலகண்டப் பிள்ளையின் 'பொதிச்சோறு' கதையை இந்த இடத்தில் சொல்லாமல் என்னால் நகர முடியாது. காரூர் இப்பத்தியின் வாசகர்களுக்குப் புதியவர் அல்ல. 1898இல் ஏற்றுமானூரில் பிறந்தவர், தொடக்கப்பள்ளி ஆசிரியர், மலையாளச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். அந்தக் கதையில் ஒரு மாணவன் கொண்டுவந்த பொதிச்சோறு காணாமல் போகிறது. எடுத்துத் தின்றவர் ஆசிரியர். பசி. வேறு காரணமே இல்லை. முதல்முறை படித்தபோது இப்படிக்கூட ஒரு ஆசிரியரை எழுதலாமா என்று எனக்குப் பதறியது. மறுபடி மறுபடி படிக்கும்போது தெரிகிறது, காரூர் அந்த மனிதரை ஒரு கணமும் அவமானப்படுத்தவில்லை. ஒரு வகுப்பறையில் மிகவும் பசித்திருப்பவர் பாடம் நடத்துபவர்தான் என்றால் அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதைத்தான் அவர் நம்மைப் பார்க்க வைக்கிறார். காரூர் இதை எங்கிருந்தோ கற்பனை செய்துகொண்டு வரவில்லை. தன் சக ஆசிரியர்களின் வீட்டு அடுப்பை அறிந்தவர் அவர். எழுதியவனுக்கு உரிய கூலி போய்ச் சேர வேண்டும் என்று 1945இல் எழுத்தாளர்களின் கூட்டுறவுப் பதிப்பகம் தொடங்கியதில் அவர் முன்னின்றதும் இதே மனசின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன்.

அந்தக் கேரளத்தில் தனியார் பள்ளி ஆசிரியர்கள் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறொரு தொகையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் கையை நம்பிய பிழைப்பு. 1957இல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் கொடுக்கும் என்றது. நியமனத்திலும் மேலாளர்களின் கையைக் கட்டியது. மசோதா உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குப் போய்த் திரும்பியது. அரசை எதிர்த்து 'விமோசன சமரம்' என்ற விடுதலைப் போராட்டம் வெடித்தது. 1959 ஜூலை 31 அன்று முதல்வர் ஈ.எம்.எஸ்.ஸின் அரசே கலைக்கப்பட்டது. அரசு போனது, நேரடிச் சம்பளம் நிலைத்தது. பொதிச்சோற்றைத் திருடிய ஆசிரியரின் பேரப்பிள்ளைகள் காலத்தில் கேரளத்து ஆசிரியர் தலைநிமிர்ந்து நடந்தார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு ஆட்சியைப் பலிகொடுத்த சண்டை இருக்கிறது.

என் சித்தி மகளிடம் இந்தக் கையெழுத்துக் கதையைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "எங்க பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தானேண்ணே" என்றாள். பதிவேட்டில் ஒரு தொகை. வங்கிக் கணக்கில் அதுவே வரும். இரண்டு நாளில் அலுவலக அறைக்குப் போய் மிச்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். அசல் சான்றிதழ்கள் தாளாளரின் பீரோவில். மே மாதம் சம்பளம் கிடையாது, ஆனால் அதே மே மாதத்தில் வெயிலில் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க வேண்டும். காலையில் வேன் டூட்டி, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். தன் பிள்ளைக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகைக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்கள் அவள் ஆசிரியர் அறையில் பாதிப்பேர். 2020இல் பள்ளிகள் மூடியபோது முதலில் பாதிச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை. ஆன்லைன் வகுப்பு மட்டும் நிற்கவில்லை. அந்த வருஷம் தனியார் பள்ளி ஆசிரியர்கள் காய்கறி விற்றதையும் நூறுநாள் வேலைக்குப் போனதையும் செய்தித்தாளில் படம் போட்டார்கள். பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

இவள் ஏன் போராடவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த வாரம் சில தீர்ப்புகளைப் படித்தேன். படித்ததும் கோபம் இரட்டிப்பானது. கோவாவில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியை தொழில் தகராறு சட்டத்தின் கீழ் நியாயம் கேட்டுப் போனார். ஆசிரியர் அந்தச் சட்டம் சொல்லும் 'தொழிலாளி' அல்ல என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பித்தல் உயர்ந்த பணி, அதை உடலுழைப்பு என்றோ எழுத்தர் வேலை என்றோ சொல்ல முடியாது என்பது காரணம். 1996இல் ஹரியானாவிலிருந்து வந்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆசிரியருக்குப் பொருந்தாது என்றது அதே நீதிமன்றம். பணிக்கொடையும் இதே வழியில்தான் 2004இல் கைநழுவியது. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதல் செல்லும் என்று அறிவித்தும், தனியார் பள்ளிகள் விடாமல் வழக்காடின. 2022 ஆகஸ்டில்தான் அது ஆசிரியர்கள் பக்கம் முடிந்தது. ஓய்வுபெற்றுப் பணிக்கொடை கேட்ட ஒருவர் அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற அம்மாவுக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்க ஒரு சட்டம் இருந்தது. உள்ளே நின்று அல்ஜீப்ரா நடத்தியவளுக்கு இல்லை. அவள் பணி உயர்ந்தது என்று சொல்லித்தான் அவளிடமிருந்து அதை எடுத்தார்கள். ஆசிரியர் தினத்தன்று மாலை போடும் கைகளைப் பார்த்தால் எனக்கு அதனால்தான் எரிகிறது.

அவள் பள்ளியை விட்டு விலகினால் அந்த இடத்துக்கு ஏழாயிரத்துக்கு இன்னொருத்தி நாளைக்கே வருவாள். பி.எட். கல்லூரிகளைப் பெருகவிட்டோம். தகுதித் தேர்வு என்றோம். 2013இல் அதில் தேறியவர்களையே வேலை கொடுக்காமல் காக்கவைத்தோம். 2018இல் அரசாணை 149 வந்து, தகுதித் தேர்வு போதாது, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுது என்றது. அரசுப் பள்ளியில் காலியிடத்தை நிரப்பாமல் விடும் ஒவ்வொரு வருஷமும் தனியார் பள்ளி வாசலில் நிற்கும் வரிசை நீளுகிறது. வரிசை நீள நீளச் சம்பளம் குறைகிறது. குறைந்த அந்தச் சம்பளத்தைக் காட்டி, அரசு ஆசிரியருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கிறோம். அவர் சம்பளத்தைப் பிடுங்கிவிட்டால் இவளுக்கு ஒரு ரூபாயாவது கூடுமா? தாளாளர் இன்னும் தைரியமாகக் குறைப்பார், அவ்வளவுதான்.

இதை அவளிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அது சரிண்ணே. அவங்க கோரிக்கைப் பட்டியல்ல எங்களுக்கு ஒரு வரி இருக்கா?"

எனக்குத் தெரிந்து இல்லை. பழைய ஓய்வூதியம் இருக்கிறது, ஊதிய முரண்பாடு இருக்கிறது, ஈட்டிய விடுப்புச் சரணும் இருந்தது. எல்லாம் நியாயமானவை. தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் சக ஆசிரியை எத்தனை ரூபாய் வாங்குகிறாள் என்று மட்டும் சங்கங்கள் கேட்டதில்லை. தலைவர்களில் பலர் எனக்கு வேண்டியவர்கள், இதைப் படிப்பார்கள். அடுத்த மாநாட்டில் அந்த ஒரு வரியைச் சேருங்கள் ஐயா. உங்களைத் திட்டுபவர்களில் பெரும்பகுதி அவளுடைய அண்ணனும் மாமனாரும் புருஷனும்தான். வேறு யாரையும்விட முதலில் அவர்களிடம்தான் நீங்கள் பேச வேண்டியிருக்கிறது.

அரசிடம் கேட்க ஒன்று உண்டு. 2009ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, பள்ளிகளின் கணக்கைப் பார்த்துத்தான் கட்டண நிர்ணயக் குழு கட்டணத்தை முடிவுசெய்கிறது. நிர்வாகச் செலவு அதில் ஒரு அம்சம். அந்தச் செலவில் ஆசிரியர் சம்பளம் என்று பள்ளி காட்டும் தொகையை நம்பித்தான் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் ஆசிரியர் கைக்குப் போகாவிட்டால் ஏமாந்தவர்கள் பெற்றோரும்தான். கட்டணம் வெளியாவதுபோல, ஒவ்வொரு பள்ளியும் காட்டிய சம்பளப் பட்டியலும் வெளியாகட்டும். பெயர் வேண்டாம், வகுப்பும் பாடமும் தொகையும் போதும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, மனசு வைத்தால் ஒரு சுற்றறிக்கை போதும்.

தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் வாசகர்கள் எனக்கு எழுதுங்கள். கையெழுத்துப் போடும் தொகை எவ்வளவு, வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகை எவ்வளவு, எத்தனை வருஷமாக என்ற மூன்று விவரம் போதும். பெயரும் ஊரும் பள்ளியும் வேண்டாம். வருகிறவற்றை அடுத்த வாரம் முதல் இங்கே வெளியிடுகிறேன்.