டயரைப் பார்க்காமல் சாரதியை மட்டும் பார்க்கிறோம்

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். யாரையும் தாக்க எழுதவில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று மூன்று மாவட்டத்திலும் தொண்டு நிறுவன வாகனம் ஓடாத ஊர் இல்லை. அதனால் இது நம் எல்லோருக்கும் உரிய விடயம்.

டித்வா புயல் வெள்ளம் வடிந்து நிவாரண வேலைகள் நடந்துகொண்டிருந்த நாட்கள். பாடசாலை விடுகிற நேரம். ஒரு நிறுவனத்தின் டபுள் கெப் எங்கள் மாணவன் ஒருவனின் சைக்கிளைத் தட்டிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை முறிந்தது. பரீட்சையில் அவன் வாயால் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டி வந்தது.

அன்று சனம் கூடிவிட்டது. எல்லோரும் சாரதியைத்தான் ஏசினோம். ஆசிரியர்களாகிய நாங்களும் ஏசினோம். கோபம் தணிந்தபிறகு அந்த மனிதரோடு இருந்து கதைத்தபோதுதான் விடயம் விளங்கியது. விடிய 4 மணிக்கு வவுனியாவில் வெளிக்கிட்டவர். மூன்று இடத்தில் சாமான் இறக்கிவிட்டார். நாலாவது இடத்தில் 3 மணிக்கு நிற்கச் சொல்லி ஒபிசிலிருந்து போன் மேல் போன். பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். "மாதக் கடைசியில் பார்ப்போம்" என்பதுதான் கிடைத்த பதில்.

ஒரு கிழமையில் அவருக்கு வேலை போனது. அடுத்த கிழமை அதே வாகனம் அதே டயரோடு எங்கள் வீதியால் போனது. வேறு சாரதி.

இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான். தவறு சாரதியுடையது என்று முடிவானதும் மற்ற எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு நாளில் நாலு இடம் என்று திட்டம் போட்டவரை, டயர் வாங்குவதைத் தள்ளிவைத்தவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. விபத்து வீதியில் நடந்தாலும், அதற்கான முடிவுகள் பல நாட்களுக்கு முன்னரே மேசையில் எடுக்கப்பட்டுவிட்டன.

வெள்ளை வாகனங்களோடு வன்னிக்குப் பழைய உறவு உண்டு. 2008 செப்டெம்பரில் அவை கிளிநொச்சியை விட்டு வரிசையாக வெளியேறியபோது, போகாதீர்கள் என்று மறித்து நின்று கெஞ்சிய சனம் இது. 2009க்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குத் தண்ணீரும் உணவும் கொண்டு வந்ததும், 1990இல் வெளியேற்றப்பட்டு மீண்டு வந்த எங்கள் குடும்பங்களுக்குக் கூடாரமும் கூரைத் தகடும் ஏற்றி வந்ததும் இதே வாகனங்கள்தான். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. நன்றி இருக்கிறபடியால்தான் உரிமையோடு கேட்கிறோம்.

முதலில் வாகனத்தின் வயது. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேச சம்மேளனம் இலகுரக வாகனங்களை 5 வருடம் அல்லது 150,000 கிலோமீற்றர் என்ற கணக்கில் மாற்றுகிறது. எங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய 5 வருடம். மாற்ற வேண்டிய ஒரு முழுச் சுற்றே தவறிப்போனது என்று அர்த்தம். இப்போது விற்கிற விலைக்குச் சிறிய உள்ளூர் நிறுவனம் ஒன்று புது வாகனம் வாங்குவது கனவு. அப்படியென்றால் இருக்கிற பழையதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். ஆனால் நிதி குறைந்ததும் முதலில் வெட்டுப்படுவது சேர்விஸ் காசு.

இரண்டாவது வேகம். இதை நாங்கள் வகுப்பில் கணக்காகவே செய்து பார்த்தோம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மணிக்கு 50இல் போனால் 60 நிமிடம். 70இல் போனால் 43 நிமிடம். மிச்சம் 17 நிமிடம். ஆனால் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 50க்கும் 70க்கும் இடையில் மோதலின் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. 17 நிமிடத்துக்காக இரண்டு மடங்கு அடி. "இந்த 17 நிமிடத்தில் என்ன செய்வார்கள் சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எங்களிடம் பதில் இல்லை.

அதுவும் எங்கள் வீதியில். இரவில் ஏ9 நடுவே படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள், காட்டுக்கரையில் யானை, அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் காயும் நெல், லைட் இல்லாத லான்ட்மாஸ்டர். கொழும்பில் இருந்துகொண்டு பயண நேரம் குறிப்பவருக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்த உள்ளூர்ச் சாரதியின் சொல்லுக்குத்தான் அங்கே இடமில்லை.

மூன்றாவது, கணக்கிலேயே வராத வாகனங்கள். எங்கள் பழைய மாணவிகள் சிலர் கள உத்தியோகத்தர்களாக வேலை செய்கிறார்கள். சொந்த ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், கூட்டம் முடிந்து இருட்டியபிறகு கிரவல் றோட்டால் தனியே வருகிறார்கள். நிறுவனம் பெற்றோல் காசு கொடுக்கிறது. அந்த ஸ்கூட்டியின் பிரேக், டயர், ஹெல்மெட் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஆளை ஆள் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை, எங்களுக்குச் சரிவராது என்று சிலர் சொல்வார்கள். உறவுகளே, ஒழுங்கு என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டக்கூடியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கண்ணிவெடி அகற்றுகிற எங்கள் சகோதர சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் என்று எந்த நிறுவனத்தில் வேலை செய்தாலும் முறை ஒன்றுதான். குறித்த எல்லைக்கு வெளியே ஒரு அடி வைக்க மாட்டார்கள். முகக் கவசம் இல்லாமல் நிலத்தைத் தொட மாட்டார்கள். மருத்துவ உதவியும், காயப்பட்டவரைக் கொண்டுபோக வாகனமும் தயாராக இல்லையென்றால் வேலை தொடங்காது. அங்கே "அவசரம்" என்று யாரும் சொல்வதில்லை. பிழை நடந்தால் ஆளைத் துரத்துவதோடு நிற்காமல், எந்த நடைமுறை தவறியது என்று தேடுவார்கள்.

அந்த ஒழுக்கம் வெடி இருக்கிற காணிக்கு மட்டும்தானா? காணியிலிருந்து வீட்டுக்கு வருகிற வீதிக்கு இல்லையா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வீதி விபத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் இறப்புக்கு முதற் காரணம் இதுதான். எங்கள் வகுப்பறையில் இருக்கிற வயது அது.

வெளியுலகில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். உலக உணவுத் திட்டமும், வேர்ல்ட் விஷனும், மேலே சொன்ன சம்மேளனமும் சேர்ந்து 2003இல் ஃப்ளீட் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கின. தொண்டு நிறுவனங்கள் வாகனங்களை எப்படி நிர்வகிப்பது என்பதே அதன் வேலை. சம்மேளனம் 1997 முதல் தன் நடவடிக்கைகளுக்கு வாகனங்களை வாடகை முறையில் கொடுத்து வருகிறது. மாத வாடகை என்று வந்துவிட்டால் வாகனம் இலவசம் என்ற எண்ணம் போய்விடும். சும்மா நிற்கிற வாகனத்துக்கும் காசு போவது கண்ணுக்குத் தெரியும்.

நாங்கள் மட்டும் சுத்தமா? இல்லை. வெள்ள நேரத்தில் எங்கள் ஆட்களும் நிவாரணம் கொண்டு போனோம். பட்டா லொறியில் அரிசி மூட்டை, மூட்டைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு பெடியன்கள். ஏறு என்று சொன்னதும் நாங்கள்தான், படம் எடுத்துப் பதிவு போட்டதும் நாங்கள்தான். ஒரு பள்ளத்தில் விழுந்திருந்தால் எந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்லியிருப்போம்? "அல்லாஹ் காப்பாற்றுவான்" என்றோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்கல் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களும் நாங்கள்தான்.

ஆகவே நிறுவனங்களிடமும், பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களிடமும், விளையாட்டுக் கழகங்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

1. டயர், பிரேக், லைட், சீற் பெல்ட் காலையில் பார்த்து எழுதாமல் வாகனம் வெளிக்கிடக் கூடாது. சரியில்லை என்று சாரதி சொன்னால் அன்று அது ஓடக் கூடாது. சொன்னதற்காக அவருக்குத் தண்டனையும் கூடாது.

2. ஒரு நாளுக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை இடம் என்று எல்லை வையுங்கள். இருட்டுமுன் திரும்ப முடியாத பயணத்தை அடுத்த நாளுக்குப் போடுங்கள்.

3. பாடசாலை கூடும் நேரமும் விடும் நேரமும் எங்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் எங்கள் வாசலால் 30க்கு மேல் போக வேண்டாம்.

4. வேலைக்காக ஓடுகிற மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் உங்கள் வாகனம்தான். ஹெல்மெட்டும் சேர்விசும் உங்கள் செலவில் இருக்கட்டும்.

5. ஒரே கிராமத்துக்கு ஒரே நாளில் நாலு நிறுவனம் நாலு அரை லோட்டோடு வர வேண்டாம். பிரதேச செயலகக் கூட்டத்தில் பேசி ஒரே லொறியில் அனுப்புங்கள். மிஞ்சுகிற டீசல் காசில் டயர் வாங்கலாம்.

6. விபத்தோ, மயிரிழையில் தப்பியதோ, எதுவானாலும் எழுதுங்கள். "யார் ஓட்டியது?" என்பதோடு "யார் அனுப்பியது, எந்த நிலையில் அனுப்பியது?" என்பதையும் எழுதுங்கள்.

இவற்றில் அதிகம் காசு கேட்பது ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் மனம் வைத்தால் நாளைக்கே செய்யக்கூடியவை.

நமக்கும் வேலை இருக்கிறது. நிவாரணம் பிந்தினால் அதிகாரிக்குப் போன் போட்டுச் சாரதியை விரட்டச் சொல்பவர்களும் நாம்தான். அரிசி ஒரு நாள் பிந்தி வந்தால் சமாளிக்கலாம். மாட்டைக் கட்டுவோம். நெல்லை வீதியில் காயப்போடாமல் வேறு இடம் தேடுவோம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்குவோம்.

தொண்டு வாகனம் என்பது யாரோ ஒருவர் தூர நாட்டிலிருந்து எங்கள் பெயரில் தந்த அமானிதம். அதில் ஏறுபவரும், எதிரே சைக்கிளில் வருபவரும் அதே அமானிதத்தில் அடக்கம்.

அந்த மாணவன் இப்போது வகுப்பில் இருக்கிறான். கையெழுத்து இன்னும் பழையபடி வரவில்லை, வரும் இன்ஷா அல்லாஹ். வேலை இழந்த சாரதி வவுனியாவில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறாராம். அவருக்கு நாங்கள் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறோம். இந்தப் பதிவு அதன் முதல் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களில் வேலை செய்யும் உறவுகள் உங்கள் ஒபிஸ் கூட்டத்தில் இதை ஒருதரம் வாசியுங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.