அம்மாவின் சொம்பும் மாப்பிள்ளையின் காரேஜும்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றிக் கொண்டிருந்தேன். டெக்ஸாஸிலிருந்து தங்கை போன். குரலே சரியில்லை.

"அண்ணா, குட்டிப் பயலுக்கு ரத்தத்துல ஈயம் இருக்காம். பதினொண்ணாம்."

பக்கத்தில் காபி ஆற்றிக் கொண்டிருந்த அம்மா, ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஈயம் உடம்புக்கு நல்லதுதானேடி? இதுக்கு ஏன் அழறே?"

சிரிக்காதீர்கள். தப்பு அம்மாவுடையது அல்ல, நம் பேச்சு வழக்குடையது. வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. முதலாவது ரசச் சொம்பு செய்வது. இரண்டாவது பாட்டரியிலும் துப்பாக்கிக் குண்டிலும் இருப்பது, நரம்பைக் கெடுக்கும் விஷம். இரண்டையும் நாம் வெறுமனே 'ஈயம்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இங்கே மராத்திக்காரர்கள் கதீல், சிசெ என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். பி.காம் படித்த எனக்கே இந்த வித்தியாசம் நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

பதினொன்று என்றால் என்ன? ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 11 மைக்ரோகிராம். அமெரிக்க சி.டி.சி. 2021-ல் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் குறிப்பு அளவு 3.5. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு வயது இரண்டு. மூளை வளர்கிற வயது. இந்த அளவில் வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை ஓடும், சிரிக்கும், சாப்பிடும். படிப்பிலும் கவனத்திலும் பின்னால்தான் கணக்குத் தீர்க்கும்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மணி வீட்டுக்கு வந்தாராம். நேரே அடுப்படிக்குப் போய் மஞ்சள்தூள், கண்மை, குங்குமம், நாட்டு மருந்து, பித்தளைப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாக விசாரித்திருக்கிறார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கலப்பட மஞ்சளில் லெட் குரோமேட் பிடிபட்டது உண்மை. நம் அலுமினியம், ஹிண்டாலியம் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் கசிகிறது என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2025-ல் எச்சரித்ததும் உண்மை. மாட்டுங்காவில் வாங்கி அம்மா ஆசையாகக் கொண்டு போய்க் கொடுத்த ரசச் சொம்பு அன்றைக்கே குப்பைக்குப் போனது. சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் குடுத்ததாலதான் பிள்ளைக்கு வந்துச்சா?" என்று ராத்திரியெல்லாம் புலம்பல்.

மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. சொம்பு போய்விட்டது, மஞ்சள் மாற்றியாகிவிட்டது. எண் மட்டும் இறங்கவே இல்லை.

அப்போதுதான் என் மனைவி கேட்டாள், "ஏங்க, மாப்பிள்ளை காரேஜ்ல குண்டு வார்க்கிறாரே, அது எதுல செய்யறாரு?"

மாப்பிள்ளை துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். தோட்டா விலை ஏறியதிலிருந்து சுட்ட வெற்றுக் குப்பிகளைப் பொறுக்கி வந்து, புதுசாக மருந்தும் குண்டும் வைத்துத் தானே நிரப்பிக் கொள்கிறார். அங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்ய லைசென்ஸ் வேண்டாம். (இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். யாரும் முயற்சி செய்து மாட்டிக் கொள்ள வேண்டாம்.) டயர் கடையிலிருந்து பழைய ஈய எடைக்கட்டிகளை வாங்கி, காரேஜில் உருக்கி, அச்சில் ஊற்றி, மேலே கலர் கலராகப் பவுடர் கோட்டிங் போட்டுச் சூடுபடுத்துவார். போன முறை வீடியோ காலில் பச்சையும் சிவப்புமாக மிட்டாய் மாதிரி காட்டினார். நானும் "பிரமாதம் மாப்பிள்ளை" என்று சொல்லித் தொலைத்தேன்.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "கோட்டிங் போட்டாச்சு மச்சான், கையில ஈயமே படாது. அதோட ஈயம் உருகறது 327 டிகிரியில, கொதிக்கறது 1,700-க்கு மேல. புகையே வராது."

இரண்டுமே பாதி நிஜம். அதனால்தான் ஆபத்து.

குண்டுக்குப் பூச்சு என்பது எப்போதுமே துப்பாக்கியின் நலனுக்காக வந்த விஷயம். ஈயம் மெத்தென்ற உலோகம். வெறுமனே சுட்டால் குழாயின் உள்ளே அப்பிக் கொள்ளும். அதற்காகத்தான் ஒரு காலத்தில் கொழுப்பு, பிறகு செம்பு உறை, இப்போது பவுடர் பூச்சு. 1853 மாடல் என்ஃபீல்ட் துப்பாக்கியின் காகிதத் தோட்டாவுக்குத் தடவிய கொழுப்புதான் 1857-ல் நம் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. வாயால் கடித்துப் பிரிக்க வேண்டிய தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்று பேச்சு கிளம்பியது. குழாய்க்கு எது நல்லது என்று யோசித்தவர்கள், அதைக் கடிக்கிறவன் யார் என்று யோசிக்கவில்லை.

இன்றைய பூச்சும் அப்படித்தான். சுடும்போதும் எடுத்து வைக்கும்போதும் ஈயம் கொஞ்சம் குறையலாம். ஆனால் பூச்சு வருவது கடைசியில். அதற்கு முன்னால் அழுக்குக் கட்டிகளைக் கொட்டிப் பொறுக்க வேண்டும், உருக்க வேண்டும், மேலே மிதக்கும் கசடை வழிக்க வேண்டும். அந்தக் கசடு பொடிப் பொடியான ஈய ஆக்ஸைடு. புகை வராமல் இருக்கலாம், பொடி பறக்கிறதே! கூடவே, சுட்ட குப்பிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போதும் ஈயத் தூசி வருகிறது. தோட்டாவின் பின்பக்கத்தில் பொறி கிளப்பும் மருந்தில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. அத்தனையும் சட்டையில், செருப்பில், தலைமுடியில் ஏறி வீட்டுக்குள் வருகிறது. தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கிறவன் யார்? பூச்சு குண்டைச் சுற்றித்தான் இருக்கிறது, பிள்ளையைச் சுற்றி இல்லை.

அதே அம்மணி மறுபடி வந்து காரேஜ் தரையையும், துணி துவைக்கும் இடத்தையும், வாசல் மிதியடியையும் துடைத்து எடுத்துப் போனார். மூன்றிலும் ஈயம். முதல் தடவையே படிவத்தில் 'ஹாபி' என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. மாப்பிள்ளை 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். பொய் சொல்லவில்லை, அது அவருக்கு விஷயமாகவே படவில்லை. பாங்க்கில் இத்தனை வருஷமாக டிக்ளரேஷன் படிவங்களைப் பார்க்கிறவன் சொல்கிறேன். வேண்டுமென்று மறைக்கிறவர்களை விட, இதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வாராக்கடன் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

என் வருத்தம் இதில்தான். வீட்டில் விஷம் என்றதும் எல்லாருடைய கண்ணும் அடுப்படிக்கும், ஊரிலிருந்து வந்த கிழவியின் பாத்திரத்துக்கும் போகிறது. ஆம்பிளை பொழுதுபோக்குக்குச் செய்வதை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதுவும் எஞ்சினியர், டிகிரி எண்ணெல்லாம் சொல்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மாவின் சொம்பையும் சோதித்திருக்க வேண்டும், மாப்பிள்ளையின் காரேஜையும் சோதித்திருக்க வேண்டும். ஒன்றைத் தூக்கிப் போட்டதும் மற்றதை மறந்து போனதும்தான் பிள்ளையின் மூன்று மாதத்தை வீணாக்கியது.

துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு நான் எதிரி இல்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் சுட்டபோது, நம்மைப் போல ஊர் விட்டு வந்த குடும்பத்துப் பெண் என்று கை தட்டியவன்தான். இங்கே சிவாஜி பார்க் சாவர்க்கர் ஸ்மாரகத்தில் பிள்ளைகள் ஏர் ரைஃபிள் பழகப் போகிறார்கள். அந்தச் சின்ன பெல்லெட்டும் பெரும்பாலும் ஈயம்தான். போகட்டும். ஆனால் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடாபாவ் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். பெட்ரோலில் ஈயத்தை 2000-ல் நிறுத்தினோம், பெரிய காரியம்தான். ஆனாலும் யூனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றுக்கு ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ. பெரிய காரணமாக அந்த அறிக்கை சுட்டுவது, பழைய பாட்டரியை உடைத்து முறையில்லாமல் ஈயம் உருக்கும் தொழிலை. வலைக்குக் குண்டு வார்த்தாலும் சரி, தோட்டாவுக்கு வார்த்தாலும் சரி, காரீயத்தை உருக்குகிற இடமும் குழந்தை தூங்குகிற இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. காரேஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் அதுவும் வீடுதான்.

மாப்பிள்ளை அடுப்பையும் அச்சையும் விற்றுவிட்டார். குண்டை இப்போது கடையில் வாங்குகிறார். கிளப்பிலிருந்து வந்தால் வாசலிலேயே ஷூவைக் கழற்றி, சட்டை மாற்றி, குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குகிறார். பதினொன்று ஆறாகி, போன மாதம் நாலரை. எலும்பில் சேர்ந்தது போக வருஷக்கணக்காகும் என்கிறார் டாக்டர். பார்ப்போம்.

போன வாரம் அவரே போன் செய்து அம்மாவிடம் பேசினார். "அத்தை, மாட்டுங்கா போனீங்கன்னா இன்னொரு சொம்பு வாங்கி வையுங்க. டெஸ்ட் பண்ணிட்டு யூஸ் பண்றோம்." அம்மா உடனே, "வெள்ளீயமான்னு கேட்டு வாங்கறேன் மாப்பிள்ளை" என்றார்.