நடுவில் நிற்கிறவனுக்கு ஒன்றுமில்லை

சென்ற இதழுக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஆறு தாள்கள். எழுதியவர் இங்கே திருப்பூரில் பனியன் கம்பெனியில் பேட்லாக் டெய்லர். சொந்த ஊர் தேனிப் பக்கம். வயது முப்பதை நெருங்குகிறது. எழுதியிருந்தது ‘இன்ஃபேமஸ்’ என்ற வீடியோ கேமைப் பற்றி. இதழின் தன்மைக்குப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டோம். அனுப்பியது தவறு. இந்தத் தலையங்கம் அந்தத் தவறைச் சொல்லவே எழுதப்படுகிறது.

திருப்பிய தாள்களை வாங்கிக்கொண்டு அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, “படிச்சீங்களாண்ணா?” என்று மட்டும் கேட்டார். முழுதாகப் படிக்கவில்லை என்பதுதான் உண்மை. அன்றைக்கே அவரோடு அவருடைய லைன் வீட்டுக்குப் போனோம். அடுத்த இரண்டு ஞாயிறும் போனோம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு மதியம் கறிச்சோறு, அதற்குப் பிறகு பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர். ஒருவர் கட்டிங், ஒருவர் அயர்ன், இருவர் ஓவர்லாக், காலேஜ் படிக்கும் ஒரு பையன். பழைய பிளேஸ்டேஷன் ஒன்றும், தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்றும். மூன்று ஞாயிறும் நாங்கள் கேட்டது முழுக்கவும் விமர்சனப் பேச்சு. இதைவிடச் சுருதி குறைந்த இலக்கியக் கூட்டங்களுக்கு இந்த ஊரிலேயே பலமுறை போயிருக்கிறோம்.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு முழு நகரத்தையும் திறந்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போ என்று ஆடுகிறவரை விட்டுவிடும் கேம்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பையன்களுக்கு அந்த வகையை அறிமுகப்படுத்தியது ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடியது ஒரு தலைமுறை. அடுத்து வந்த ‘சான் ஆன்ட்ரியாஸி’ல் ‘ஹெஸோயாம்’ என்று ஏழு ஆங்கில எழுத்தைத் தட்டினால் உடம்பு நேராகும், இரண்டரை லட்சம் டாலர் கையில் சேரும். பொருள் தெரியாத அந்தச் சொல்லை மந்திரம்போல மனப்பாடம் செய்தவர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். இந்த நகரத்தோடு அசுர பலத்தையும் சேர்த்துக் கொடுக்கும் கேம்கள் பின்னால் வந்தன. சுவரில் ஓடலாம், மாடிக்கு மாடி தாவலாம், கையிலிருந்து மின்னல் பாய்ச்சலாம்.

மின்னல் பாய்ச்சுவதுதான் ‘இன்ஃபேமஸ்’. அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம் 2009 மே மாதம் பிளேஸ்டேஷன் 3-க்காகக் கொண்டுவந்தது. நாயகன் கோல் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஒருநாள் அவன் கையில் இருந்த பார்சல் வெடிக்கிறது. நகரம் சிதைகிறது, வெளியே போகும் வழிகள் அடைக்கப்படுகின்றன, அவன் உடம்பில் மின்சாரம் ஏறிவிடுகிறது. தெருவிளக்கிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் இருந்து கரண்டை உறிஞ்சித்தான் அவன் சண்டை போட முடியும். நகரத்தின் பல பகுதிகளில் கரண்ட் இல்லை. சாக்கடைச் சுரங்கத்துக்குள் இறங்கி ஒவ்வொரு பகுதிக்கும் அவனே இணைப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கரண்ட் இல்லாத தெருவில் அவனும் பலமில்லாத சாதாரண ஆள்.

இதைத் திருப்பூரில் ஆடுவதும் அமெரிக்காவில் ஆடுவதும் ஒன்றா? நம் நண்பர் எழுதியிருந்தது இதைத்தான். 2012-இல் தமிழ்நாடே மின்வெட்டில் கிடந்தபோது அவர் டெய்லருக்கு உதவும் கைமடி வேலையில் இருந்தார். கம்பெனியில் மெஷின் நிற்கும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டுபடியாகாத சின்ன யூனிட் அது. எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். “கேம் கடையிலயும் அதே லைன்தாண்ணா. கரண்ட் வந்தாக் கம்பெனிக்கு ஓடணும். கேம் ஆடவும் கரண்ட் வேணும். ரெண்டும் ஒரே நேரத்துலதான் வரும். திரையில அவன் டிரான்ஸ்ஃபார்மரப் போட்டுத் தெருவே வெளிச்சமாகறப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதப் பாக்கவே திரும்பத் திரும்ப அந்தக் கட்டத்த ஆடுவேன்.” மின்னல் வீசுவதைவிட ஒரு தெருவுக்கு விளக்குப் போடுவதைப் பெரிய சக்தியாகக் கண்டவர் இவர். இப்படி ஒரு வாசிப்பு அந்தக் கேமைச் செய்தவர்களுக்குக் கிடைத்திருக்காது.

அந்தக் கேமுக்கு ஒரு கர்மக் கணக்கு உண்டு. ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. பட்டினி கிடக்கும் நகரத்துக்கு வானத்திலிருந்து உணவுப் பொட்டலங்கள் இறக்கப்படுகின்றன. ஜனங்களை எடுத்துக்கொள்ள விடலாம். அல்லது மின்சாரம் பாய்ச்சி விரட்டிவிட்டுத் தனக்கும் தன் கூட்டாளிகளுக்கும் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது நல்ல கர்மம், இரண்டாவது கெட்டது. இப்படியே போகப் போக முழு நல்லவனுக்கு ஒரு வரிசைச் சக்தி திறக்கும், முழுக் கெட்டவனுக்கு இன்னொரு வரிசை. கேம் வெளிவந்த நாளிலிருந்தே உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். வாழ்க்கையின் தேர்வை இரண்டு பொத்தானாகச் சுருக்கிவிட்டார்கள், பெரிய சக்தி வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஓரத்துக்கு ஓடியே ஆகவேண்டும் என்று. நம் நண்பரும் அங்கேதான் வந்து சேர்கிறார். வந்த வழிதான் வேறு. கூலி ஒப்பந்தம் முடிந்து சங்கங்கள் ஸ்டிரைக் அறிவித்த ஒரு வருஷத்தைச் சொன்னார். முதலாளியும் நல்லவர், வட்டிக்குக் கடன் கொடுத்தவரும் அவரே. சங்கத்தில் நிற்பவன் பக்கத்து மெஷின்காரன். இவர் உள்ளேயும் போகவில்லை, ஊர்வலத்துக்கும் போகவில்லை, அறையில் படுத்துக்கிடந்தார். “நடுவுல நிக்கறவனுக்கு அந்தக் கேம்ல ஒண்ணுமே கெடையாதுண்ணா. ஊர்ல முக்காவாசிப் பேரு நடுவுலதான் நிக்கறோம்.”

நாங்கள் திருப்பி அனுப்பிய தாள்களில் மூன்றாவது தாளில் இந்த வரி இருக்கிறது.

‘இன்ஃபேமஸ்’ வந்து இரண்டே வாரத்தில், 2009 ஜூனில், வான்கூவரின் ராடிகல் நிறுவனம் ‘ப்ரோட்டோடைப்’பை வெளியிட்டது. கம்ப்யூட்டரிலும் ஆடலாம் என்பதால் நம் ஊரில் அதிகம் பரவியது இதுதான். எது உசத்தி என்று அன்று தொடங்கிய சண்டை இந்த அறையில் இன்னும் முடியவில்லை. ஓடும் வேகத்திலும் உடம்பின் சுகத்திலும் ‘ப்ரோட்டோடைப்’ எங்கேயோ இருக்கிறது என்கிறார் அயர்ன்காரர். மன்ஹாட்டனின் எந்தக் கட்டடத்தின் மேலும் நேராக ஓடி ஏறலாம், நிற்கவே வேண்டாம். அலெக்ஸ் மெர்சர் என்ற அந்த நாயகன் மனிதர்களை அப்படியே விழுங்குகிறான். விழுங்கியதும் அவர்களுடைய உருவம் இவனுக்கு வந்துவிடும். நாம் மெர்சர் என்று நம்பி ஆடியது மெர்சரே இல்லை, அவன் உருவத்தைப் போட்டுக்கொண்ட கிருமி என்று கடைசியில் தெரியவரும்.

இரண்டாம் ஞாயிறு இதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அயர்ன்காரரின் அக்கா சோறு எடுத்து வந்தவர் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். செக்கிங் வேலை செய்கிறவர். திரையில் தெருக்கூட்டம் சிதறி ஓடியது. மெர்சர் கையில் அகப்பட்டவர்களை விழுங்கியபடி போனான். அக்கா கேட்டார்: “இவங்கெல்லாம் எங்க போய்ட்டு இருந்தாங்க?” யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேமில் குறிப்பிட்ட சிலரை விழுங்கினால் அவர்களுடைய நினைவுகள் கிடைக்கும், சதியின் ஒரு துண்டு துலங்கும். மற்றவர்களை விழுங்கினால் இழந்த பலம் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். சிலர் சாவில் கதை இருக்கிறது, மற்றவர்கள் சாவு தீனி. இத்தனை வருஷமாக ஆடிய ஐந்து பேரும் அந்தக் கணத்தில்தான் இதைக் கண்டதாகச் சொன்னார்கள். ஒரு வேலையும் இல்லாமல், ஒரு வீடும் இல்லாமல், விழுங்கப்படுவதற்காகவே நடந்துகொண்டிருக்கும் கூட்டம். பனியன் கம்பெனி விட்டு இரவு எட்டரைக்கு சைக்கிளிலும் பஸ்ஸிலும் வீடு திரும்பும் கூட்டத்தில் ஒருவர்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. பின்னலாடைத் தொழிலின் பெரும்பகுதி பெண்களின் கையில் இருக்கிறது. ஞாயிறு மதியத்தில் அந்தக் கை பாத்திரம் துலக்குகிறது, கன்ட்ரோலரைப் பிடிப்பதில்லை. மில் விடுதிகள் பலவற்றில் பெண்கள் கைப்பேசி வைத்துக்கொள்வதற்கே கட்டுப்பாடுகள் இருந்திருக்கின்றன. அவர்கள் ஆடியிருந்தால் இந்தக் கேள்வி பத்து வருஷம் முன்பே வந்திருக்கும்.

2018 செப்டம்பரில் வந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ இந்த அறையில் எல்லோருக்கும் பிடித்த கேம். காரணம் கேட்டால் நூல் பிடித்துத் தாவும் சுகத்தை முதலில் சொல்கிறார்கள். இரண்டாவதாகச் சொல்வது வாடகை. நகரத்தையே காப்பாற்றும் பீட்டர் பார்க்கர் வாடகை பாக்கியால் வீட்டை இழக்கிறான். கதவில் நோட்டீஸ். சாமான்கள் குப்பை லாரியில் போய்விட்டன. அந்த லாரியைத் துரத்திப் பிடித்துத் தன் பொருளைத் தேட வேண்டும். அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு காலி பண்ணச் சொன்ன வீடுகளின் கதை இந்த அறையில் ஆளுக்கொன்று இருக்கிறது. “பலம் இருந்தும் வாடகை குடுக்க முடியல பாருங்க, அதுதாங்க நெஜம்” என்றார் கட்டிங் மாஸ்டர். இத்தனை கேம்களிலும் நாயகன் கூலி, வாடகை என்ற இரண்டு சொற்களின் பக்கம் வந்தது அங்கே மட்டும்தான் என்பது அவருடைய தீர்ப்பு. எங்களுக்கும் அது சரியென்றே படுகிறது. கோல் பார்சல் பையன், ஆனால் சக்தி வந்தபிறகு ஒரு பார்சலும் கொண்டுபோவதில்லை.

‘ஸ்பைடர்மேன்’ வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு தகராறு நடந்தது. முதலில் காட்டிய காட்சியில் மொட்டை மாடியில் தேங்கியிருந்த தண்ணீர், பிறகு காட்டியதில் குறைந்துவிட்டது. தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். குட்டையின் அளவையும் இடத்தையும் மாற்றினோம், தரம் குறையவில்லை என்று கேமைச் செய்த இன்சோம்னியாக் நிறுவனம் விளக்கம் சொன்னது. கேம் வந்தபிறகு, படம் எடுக்கும் வசதியில் ஒட்டிக்கொள்ளக் குட்டைப் படங்களையே சேர்த்துக் கொடுத்தது. இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று பலர் எழுதினார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு குட்டைத் தண்ணீர் குறைந்ததைக் கவனிக்கும் கண் மதிக்கத்தக்க கண். ஓடையில் போகும் சாயத்தைப் பார்த்து இந்த மாசம் என்ன கலர் ஆர்டர் என்று சொன்ன ஊர் இது. 1992-இல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லும்வரை நொய்யல் ஆற்றின் தண்ணீரை எத்தனை பேர் அப்படிக் கூர்ந்து பார்த்தோம்? விவசாயிகள் பார்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். ‘சாயத்திரை’ நாவலில் சுப்ரபாரதிமணியன் பார்த்தார். மற்றவர்கள் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தோம்.

1959-இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது புதுக்கவிதையைக் கவிதை என்று ஒப்புக்கொள்ளப் பெரிய இதழ்கள் தயாராக இல்லை. சினிமாவைப் பற்றிப் படித்தவர்கள் எழுதுவது கௌரவக் குறைவாக இருந்த காலம் ஒன்றும் இருந்தது. அந்த இரண்டுக்கும் இடம் கொடுத்ததில் சிறு பத்திரிகைகளுக்குப் பங்கு உண்டு. கேம்களுக்கு மட்டும் நாம் கதவைச் சாத்தியிருக்கிறோம். 2023-இல் டொரண்டோவிலிருந்து ‘வெண்பா’ வந்தது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தையும், சமையல் குறிப்பு நோட்டில் அழிந்துபோன எழுத்துகளுக்கு இடையே தாய் சமைக்கும் இட்லியையும் புட்டையும் வைத்துச் செய்த கேம். அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேமுக்கான விருது அதற்குக் கிடைத்தது. விருதுச் செய்தியை எல்லோரும் போட்டோம். ஆடிப்பார்த்து எழுதியவர்கள் தமிழில் எத்தனை பேர்?

நேரம் போகிறது, தூக்கம் கெடுகிறது என்ற கவலையை நாங்கள் ஒதுக்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்துவந்து விடியவிடியப் போனைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் ஊசியில் விரலைக் கொடுத்தவரைப் பார்த்திருக்கிறோம். காசு கட்டி ஆடும் சூதாட்டங்கள் குடும்பங்களை அழித்ததையும் பார்த்தோம். அவை வேறு, இங்கே பேசுவது வேறு. ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு இந்த நகரம் என்ன வைத்திருக்கிறது? பூங்கா இல்லை, நூலகம் அவர் வரும் நேரத்துக்குப் பூட்டியிருக்கும், தியேட்டர் டிக்கெட் கட்டாது. மாடியில் தாவ ஒரு நகரம் பத்துக்குப் பத்து அறைக்குள் கிடைக்கிறது என்றால் அவர் போகத்தான் செய்வார். போய்விட்டு வந்து என்ன பார்த்தேன் என்று சொல்கிறபோது கேட்பதற்கு ஆள் வேண்டும்.

காதர்பேட்டைக் கடைகளில் சிலந்தி மனிதன் படம் போட்ட பனியன்கள் குவியலாகக் கிடக்கின்றன. வெட்டியதும் தைத்ததும் பிரின்ட் அடித்ததும் பிசிறு நறுக்கியதும் இந்த ஊர்க் கைகள். அந்த நாயகனைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவர்களைவிட உரிமை உள்ளவர் யார்?

திருப்பி அனுப்பிய கட்டுரையை நண்பரிடம் கேட்டுத் திரும்ப வாங்கிவிட்டோம். ஒரு வரியும் வெட்டாமல் இந்த இதழின் ஒன்பதாம் பக்கத்தில் வெளியாகிறது. அடுத்த இதழிலிருந்து எட்டுப் பக்கங்கள் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஆடியதை எழுதுங்கள். நீங்கள் போன நகரத்தில் யார் வேலை செய்கிறார்கள், யார் ஓடுகிறார்கள், எந்தத் தெருவில் விளக்கு எரிகிறது என்று எழுதுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ஒடியாவிலோ இந்தியிலோ பேசினாலும் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. வாசற்படியில் நின்று கேள்வி கேட்ட அக்காவிடம் முதல் பக்கத்தைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.