அம்மிச்சியின் ப்ளூ-ரே: நொடிக்கு ஒரு விக்கல்

எங்கள் அம்மிச்சிக்கு ஸ்மார்ட் டி.வி. ஆகாது. ரிமோட்டைக் கையில் கொடுத்தால், "இதுல எதை அமுக்கினாலும் வேற எங்கியோ போயிருது அம்மிணி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால், டி.வி.க்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் ப்ளூ-ரே பிளேயரை மட்டும் அவருக்கு அத்துப்படி. பட்டனை அமுக்கினால் தட்டு வெளியே வரும். டிஸ்க்கை வைத்தால் உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் சித்தியின் கல்யாணம் ஓட ஆரம்பிக்கும்.

2013 தை மாதம், பொள்ளாச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணம். மாமா அப்போதுதான் அந்த பிளேயரை வாங்கியிருந்தார். அந்தக் குஷியில் ஸ்டுடியோக்காரரிடம், "டி.வி.டி. வேண்டாமுங்க, ப்ளூ-ரேயிலயே போட்டுக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார். மொத்தம் 3 மணி 10 நிமிடப் படம். வரவேற்பு, சீர், முகூர்த்தம், கடைசியில் பந்தி. பட்டுப்பாவாடையோடு கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளியும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் வருவாள். அது நான்தான்.

போன வருடம் அப்புச்சி தவறிவிட்டார். போனில் எடுத்த வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் உடம்பு முடியாத அப்புச்சி. திடமாக நடந்து, சத்தமாகப் பேசுகிற அப்புச்சி இருப்பது அந்தக் கல்யாணப் படத்தின் பந்தியில் மட்டும்தான். இலை வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே, "கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்புடுங்க" என்பார். பிறகு சமையல்காரரைப் பார்த்து ரசம் எங்கே என்று ஒரு அதட்டல். எல்லாம் சேர்த்து 40 விநாடி இருக்கும்.

அந்த 40 விநாடி வருவதற்குள் டிஸ்க் நின்றுவிடுகிறது. இரண்டு மணி நாற்பதாவது நிமிடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து, அப்படியே உறைந்துபோகிறது. வருஷத் திதிக்கு ஒரு மாதம் இருந்தபோது அம்மிச்சி என்னிடம்தான் சொன்னார். "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறயே, இதைச் சித்தப் பாரு கண்ணு." பத்திரிகையில் வேலை பார்ப்பதை அவர் அப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறார்.

டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. மேல் பக்கம் முழுக்க மாப்பிள்ளை பெண் படம் போட்ட வட்ட ஸ்டிக்கர். அந்த நாளில் எல்லாக் கல்யாண டிஸ்க்குக்கும் அதுதான் அலங்காரம். பன்னிரண்டு கோடைகளில் பசை காய்ந்து, ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. டிஸ்க் வேகமாகச் சுற்றும்போது அந்த ஓரம் ஆட்டம் போடும். ப்ளூ-ரேயில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டத்தில் முடியும். அதனால் படத்தின் கடைசிப் பகுதி விளிம்பில் இருக்கும். கை பட்டு, கீறல் விழுந்து, ஸ்டிக்கர் தூக்கிக்கொள்ளும் இடமும் விளிம்புதான். போதாக்குறைக்கு, டி.வி.டி.யில் பதிவு 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கும், ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மி.மீ. ஆக, பந்தியைத்தான் முதலில் பலி கொடுத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க் இருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள். பதிவும் கூடவே வந்துவிடலாம். இன்றைக்கு ஓடுகிறதா? இன்றைக்கே கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துவிடுங்கள்.

எங்கள் டிஸ்க் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. பொள்ளாச்சிக்குப் போய் அந்த ஸ்டுடியோ அண்ணனைத் தேடிப் பிடித்தேன். "தூணுக்குப் பின்னால ஒளிஞ்ச புள்ளயா நீ?" என்று கேட்டுவிட்டு, பரணிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை இறக்கினார். கேமராவில் எடுத்ததெல்லாம் அழிந்துவிட்டது. எடிட் செய்து முடித்த ஒரே ஒரு எம்.பி.4 ஃபைல் மட்டும் இருந்தது. அதுவும் ஏன் இருந்தது தெரியுமா? 2012-ன் மின்வெட்டுப் பழக்கத்தில். அந்த வருடம் கோவைப் பக்கம் கரன்ட் போகும் நேரம்தான் அதிகம். ராத்திரி ரெண்டருக்குப் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் பாதியில் நிற்குமாம். பயந்துபோய் முடிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பயத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்து வெற்று டிஸ்க். காந்திபுரத்தில் நான்கு கடை ஏறி இறங்கினேன். "அதெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க?" என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில். நியாயம்தான். 2007 வாக்கில் 28 ரூபாய்க்கு வி.சி.டி.யும் 34 ரூபாய்க்கு டி.வி.டி.யுமாகத் தமிழ்ப் படங்களை வீடு வீடாகக் கொண்டுவந்த மோசர் பேர் நிறுவனம், வெற்று டிஸ்க் தயாரிப்பிலும் பெரிய கை. 2018-ல் அதைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சோனி 2025 பிப்ரவரியோடு வெற்று ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. கடைசியில் ஆன்லைனில்தான் வாங்கினேன். அட்டையில் எல்.டி.எச். என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். அது சாயப் பூச்சு வகை. பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. ரைட்டர் அலுவலக நண்பரிடம் இரவல்.

இனி ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது. எந்த மென்பொருள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. குற்றம் பெரும்பாலும் என்னுடையது.

முதல் நாள், எடிட்டிங் மென்பொருளில் ஃபைலைப் போட்டு, இருப்பதிலேயே உசத்தியான தரத்தைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் லேப்டாப்பும் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்லீப் நேரத்தை மாற்றவில்லை. 2012-ல் கரன்ட் செய்த வேலையை இப்போது லேப்டாப்பே செய்துகொள்கிறது!

இரண்டாம் நாள் முழுசாக முடிந்தது. ஃபைலின் அளவு 42 ஜி.பி.க்கு மேல். டிஸ்க்கின் கொள்ளளவு 25 ஜி.பி. இதைக் கண்டுபிடிக்க ஐந்து மணி நேரம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை, ஒரு கால்குலேட்டர் போதும். 3 மணி 10 நிமிடம் என்றால் 11,400 விநாடி. 25 ஜி.பி. என்பது 2,00,000 மெகாபிட். வகுத்தால் விநாடிக்கு 17.5 மெகாபிட். படம், சத்தம், மெனு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான் கொடுத்திருந்ததோ படத்துக்கு மட்டும் 30. அதை 15 ஆக்கினேன். சுருக்காத ஸ்டீரியோ சத்தத்துக்கு 1.5. மொத்தம் இருபத்து மூன்றரை ஜி.பி.; மெனுவுக்கும் இடம் மிச்சம். கம்ப்யூட்டர் இதே 25 ஜி.பி. டிஸ்க்கை 23.3 என்று காட்டும். பயப்படாதீர்கள், அது எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம்.

15 போதுமா என்று கேட்பீர்கள். டி.வி.டி.யைப்போல சரியாக ஐந்து மடங்கு புள்ளிகள் கொண்ட படம் இது. சமையல்காரர் கரண்டியின் பளபளப்புகூடத் தெரிந்தது.

மூன்றாவது முயற்சியில்தான் விக்கல் வந்தது. டிஸ்க் ஓடியது. ஆனால், யாராவது நடந்தால், நொடிக்கு ஒரு முறை ஒரு சின்ன வெட்டு. கேமரா மெதுவாகத் திரும்பும்போது இன்னும் மோசம். லேப்டாப்பை மாற்றினேன், ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை மாற்றினேன், பிளேயரைக்கூடச் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நம் ஊர் கல்யாணங்களை நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுப்பது வழக்கம். ப்ளூ-ரே விதிப்படி, 1920-க்கு 1080 அளவில் நொடிக்கு 24 அல்லது 23.976 முழு ஃப்ரேம் இருக்கலாம்; 25 முழு ஃப்ரேம் என்று ஒரு வகையே அதில் கிடையாது. பட்டியலில் 25 இல்லாததால், 'சினிமா மாதிரி இருக்கும்' என்று நான் 23.976-ஐ அமுக்கியிருந்தேன். 25-ல் 23.976 போனால் மிச்சம் ஏறக்குறைய ஒன்று. மென்பொருள் நொடிக்கு ஒரு ஃப்ரேமைத் தூக்கி எறிந்திருக்கிறது. அதுதான் விக்கல்.

வழி சுலபம். பட்டியலில் '1080ஐ 25' என்று இருக்கும். சில மென்பொருள்களில் அதையே '50ஐ' என்பார்கள். ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பிரித்து எழுதுகிற முறை. இரண்டு பாதியும் ஒரே நொடித்துளியில் எடுத்தவை என்பதால் டி.வி. அதைச் சேர்த்து முழுப் படமாகவே காட்டும். ஒரு ஃப்ரேம்கூடப் போகாது. எந்தப் பாதி முதலில் என்று கேட்டால் 'அப்பர்' கொடுங்கள். 50 முழு ஃப்ரேமில் எடுத்த புதுப் படமாக இருந்தாலும் சாதாரண ப்ளூ-ரேக்கு இதே வழிதான்.

கூடவே சத்தத்தையும் பாருங்கள். எங்கள் ஃபைலில் பாதிப் படத்துக்குச் சினிமாப் பாட்டு ஒட்டியிருந்ததாலோ என்னவோ, சத்தம் 44.1 கிலோஹெர்ட்ஸில், ஏ.ஏ.சி. வகையில் இருந்தது. ப்ளூ-ரேக்கு இரண்டுமே ஆகாது. 48 கிலோஹெர்ட்ஸ், பி.சி.எம். அல்லது டால்பி டிஜிட்டல். இதை எடிட்டிங்கிலேயே மாற்றிவிட்டால், அடுத்த கட்ட மென்பொருள் 'டிரான்ஸ்கோட் தேவையில்லை' என்று காட்டும். காட்டவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அது உங்களைக் கேட்காமலே முழுப் படத்தையும் மறுபடி சுருக்கப் போகிறது, தரம் இன்னொரு படி இறங்கும்.

நான்காவது தடவை, மெனு செய்கிற இடத்தில், எண்பது சதவிகிதத்தில் ஒரு பிழைச் செய்தி. நம்பரைத் தவிர வேறு விளக்கம் இல்லை. மூன்று முறையும் அதே இடத்தில் நின்றது. ஃபைல் பெயரைப் பார்த்தேன்: 'சித்தி கல்யாணம் (பைனல்) புதுசு 4'. அது இருந்த ஃபோல்டரும் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், எல்லாம் தமிழில். மென்பொருளோ பத்து வருடத்துக்கு மேல் பழசு. 'சி' டிரைவிலேயே நேராக ஆங்கிலத்தில் நாலு எழுத்து ஃபோல்டர் ஒன்று திறந்து எல்லாவற்றையும் அங்கே மாற்றினேன். பழைய தற்காலிக ஃபைல்களை அழித்தேன். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. தாய்மொழிப் பற்றை இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வட்டில் இடமும் வேண்டும். எக்ஸ்போர்ட் ஆன ஃபைல், ஃபோல்டர், ஐ.எஸ்.ஓ. மூன்றும் சேர்ந்து முக்கால் நூறு ஜி.பி. விழுங்கிவிடும்.

இந்த ஒன்பது நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒன்று, எடுத்த எடுப்பில் டிஸ்க்கில் எழுதாதது. எல்லா முயற்சியையும் முதலில் ஐ.எஸ்.ஓ. ஃபைலாகத்தான் எழுதச் சொன்னேன். அதை லேப்டாப்பில் வி.எல்.சி.யில் ஓட்டிப் பார்த்து, பிறகு அழித்து எழுதக்கூடிய பி.டி.-ஆர்.இ. டிஸ்க்கில் போட்டு, அம்மிச்சி வீட்டு பிளேயரிலேயே சோதித்தேன். விக்கல் லேப்டாப் திரையில் தெரியவே இல்லை, டி.வி.யில்தான் தெரிந்தது. ஒரே ஒரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு அத்தனை சோதனையும் முடிந்தது. நல்ல டிஸ்க்கில் எழுதும்போது இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். வேகத்தை 4 மடங்கில் வைத்து, 'வெரிஃபை' டிக் செய்துவிட்டால், எழுதியதை மறுபடி படித்துச் சரிபார்த்துச் சொல்லும். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. நடு வளையத்தில் மட்டும் டிஸ்க் எழுதுகிற மார்க்கரால் 'கல்யாணம்' என்று எழுதினேன்.

இத்தனை பாடு எதற்கு, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் ஆகாதா என்று மாமாவே கேட்டார். பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் சரி. (4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைல் ஏறவில்லை என்றால் பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். டி.வி. அதைப் படிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.) நானும் அந்த எம்.பி.4-ஐ இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றைச் சித்தி வீட்டில் கொடுத்திருக்கிறேன். ஆனால், பென் டிரைவைச் சொருக, டி.வி.யில் சோர்ஸ் மாற்ற, ஃபோல்டர் தேட, ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அம்மிச்சிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பகலில் அந்த வீட்டில் அவர் மட்டும்தான்.

திதிக்கு முந்தின சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். மெனுவில் நான்கே நான்கு படம்தான் வைத்திருந்தேன்: வரவேற்பு, சீர், முகூர்த்தம், பந்தி. அம்மிச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அம்புக்குறியை மூன்று தடவை அமுக்கி நேராகப் பந்திக்குப் போய்விட்டார். ரசம் எங்கே என்ற அதட்டல் வந்தது. சமையல் கட்டிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

"ரசம் அன்னிக்கு நெசமாவே பத்துல" என்றார் அம்மிச்சி. ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. மறுபடி மெனுவுக்குப் போய், மறுபடி மூன்று தடவை.